கேசட்டிலிருந்து ஒரு ஊத் தக்சீம்: காதால் கற்ற ஏழு மாதங்கள்

பின்னணி

இது மஸ்கட்டில் நடந்தது. சம்பந்தப்பட்டவர்கள் மூன்று பேர். கற்றவர் முப்பதை எட்டாத ஓமானியர், ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை. ஊத் கையில் எடுத்து இரண்டரை வருடம் ஆகியிருந்தது. மேற்கத்திய இசைக்குறியைத் தடுமாறாமல் படிப்பார், எழுதுவார். ஆசிரியர் அறுபதைத் தாண்டிய எகிப்தியர். பள்ளியில் இசை சொல்லித்தர வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். மூன்றாவது ஆள் நான். சிறு வயதில் பன்னிரண்டு வருடம் கர்நாடக வயலின் படித்தேன், அப்புறம் ஒலிப்பதிவு வேலைக்கு வந்துவிட்டேன். பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுப்பதும் என் பிழைப்பில் சேர்த்தி. இந்த இருவரும் எனக்குப் பழக்கமானது அப்படித்தான். பெயர்கள் வேண்டாம் என்று மூவரும் பேசி முடிவு செய்தோம். நடந்ததை எழுதலாம் என்று மற்ற இருவரும் சொல்லியிருக்கிறார்கள்.

ஊத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பாதி வெட்டிய பேரிக்காய் மாதிரி வயிறு, குட்டைக் கழுத்து, மெட்டுக் கட்டைகள் கிடையாது. வழக்கமாகப் பதினோரு தந்திகள்: ஐந்து ஜோடி, கீழே தனியாக ஒன்று. மீட்டுவது ரீஷாவால். ரீஷா என்றால் இறகு. ஒரு காலத்தில் கழுகின் இறகுத் தண்டுதான். இப்போது பிளாஸ்டிக் அல்லது கொம்பு. ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையை நறுக்கி வைத்துக்கொண்டு வாசிப்பவர்களும் நிறைய.

தக்சீம் என்பது தாளமில்லாமல் ஒரு மக்காமை (நம் ராகம் மாதிரி) விரித்துக் காட்டுவது. நமக்கு உடனே ஆலாபனை ஞாபகம் வரும். பாதி சரி. தக்சீம் சின்னச் சின்னப் பகுதிகளாக நடக்கும். ஒவ்வொரு பகுதியும் கஃப்லா என்கிற முடிப்பில் வந்து இறங்கும். அதன் பிறகு வாசிப்பவர் நிறுத்துவார். அந்த மௌனத்தில்தான் கேட்பவர்கள் 'அல்லாஹ்', 'யா சலாம்' என்பார்கள். நம் கச்சேரியில் 'பலே', 'சபாஷ்' விழுவது போலத்தான். ஒரு வித்தியாசம், இங்கே அதற்கென்று இடம் விட்டே வாசிக்கிறார்கள்.

ஒலிநாடா

ஆசிரியரின் ஆசிரியர் 1980-களில் கெய்ரோவில் ஒரு வீட்டுக் கூடத்தில் வாசித்ததை யாரோ கேசட்டில் பிடித்திருந்தார்கள். ஒரு பக்கம் முழுக்கப் பாட்டும் பேச்சும். நடுவில் பயாத்தி மக்காமில் ஒரு தக்சீம், 4 நிமிடம் 10 விநாடி. மாணவர் அதை ஆசிரியர் வீட்டில் ஒரு முறை கேட்டுவிட்டு, இதைக் காதால் கற்றே தீருவது என்று முடிவெடுத்தார். ஆசிரியர் தடுக்கவில்லை. 'முடிந்தால் செய், முடிந்ததும் வா' என்று மட்டும் சொன்னார். இசைத்தட்டு வந்த காலத்திலிருந்தே கெய்ரோவிலும் இஸ்தான்புலிலும் இப்படிக் கற்றவர்கள் உண்டு. 1916-இல் இறந்த தன்பூரி ஜெமில் பேயின் தக்சீம் இசைத்தட்டுகளைத் துருக்கியில் இன்றும் காதில் வைத்துத்தான் படிக்கிறார்கள்.

கேசட்டை மாற்றித் தந்தது நான். நாடாவின் சீற்றம், இருமல், கண்ணாடி டம்ளர் வைக்கிற சத்தம், நடுநடுவே ஆட்களின் குரல் எல்லாவற்றையும் மென்பொருளால் துடைத்துச் சுத்தமான கோப்பாகக் கொடுத்தேன். மாணவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். எனக்கும்தான். துடைக்காத மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருந்தது திட்டமிட்டதல்ல, என் வேலைப் பழக்கம்.

நாடா சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று நான் பார்க்கவில்லை. இந்தக் கதையில் என் பங்கு அதிலிருந்துதான் தொடங்குகிறது.

முதல் ஐந்து வாரம்

மாணவர் வேலையைப் பொறியாளர் மாதிரிதான் தொடங்கினார். கோப்பை மென்பொருளில் போட்டு, பாதி வேகத்துக்குக் குறைத்து, மூன்று நான்கு விநாடித் துண்டுகளாக வெட்டினார். ஒவ்வொரு துண்டையும் திரும்பத் திரும்ப ஓடவிட்டு ஸ்வரம் ஸ்வரமாகத் தாளில் இறக்கினார். துண்டுகளின் ஓரத்தில் இருந்த வெற்றிடத்தையெல்லாம் நறுக்கிவிட்டார். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் சும்மா காத்திருக்க வேண்டுமே.

சுருதி விஷயத்தில் ஒரு சிக்கல் வந்தது. ஆதார ஸ்வரம் 'ரெ'வுக்கும் 'மி பெமோல்'க்கும் நடுவில் எங்கோ நின்றது. ('தோ ரெ மி'தான் அரபு இசைக்காரர்களிடமும் புழங்குகிற பெயர். பெமோல் என்றால் அரை ஸ்வரம் இறக்கியது.) மென்பொருளில் 'பக்கத்து ஸ்வரத்துக்குச் சரிசெய்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினார். அது மேல் பக்கமாகத் தள்ளி, மி பெமோலில் கொண்டுபோய் நிறுத்தியது. எழுதியது முழுக்க அந்த ஆதாரத்தில்தான்.

அடுத்தது பயாத்தியின் இரண்டாவது ஸ்வரம். 'ரெ'யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் நமக்குச் சுலபமாகப் புரியும்: ஸ, சுத்த ரிஷபத்துக்கும் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் நடுவில் ஒரு ரி, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம். அந்த நடு ரிஷபத்தின் பெயர் சிகா. புத்தகத்தில் அது கால் ஸ்வரம், அதாவது ஸட்ஜத்திலிருந்து 150 சென்ட் (அரை ஸ்வரம் ஒன்றுக்கு 100 சென்ட்). 61 சென்டிமீட்டர் தந்தியில் அது விழுகிற இடம் மேல் கட்டையிலிருந்து 51 மில்லிமீட்டர். ஆதாரத்தை எங்கே மாற்றினாலும் விரல் தவறக்கூடாது என்று, மாணவர் அளவெடுத்து ஊத் கழுத்தில் மெல்லிய வெள்ளை ஒட்டுநாடாத் துண்டுகளை வரிசையாக ஒட்டினார்.

ஐந்தாவது வார முடிவில் ஒன்பது பக்கம் இசைக்குறி தயார். மனப்பாடமும் ஆகியிருந்தது.

ஆசிரியர் முன் வாசித்தபோது

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆசிரியர் வீட்டில் வாசித்தார். நானும் இருந்தேன். ஒரு ஸ்வரம் விடவில்லை. தாளில் இருந்தது அத்தனையும் வந்தது. இருந்தும் கேட்க என்னவோ போல இருந்தது. மனப்பாடம் செய்த பேச்சை மேடையில் ஒப்பிக்கிற பையனைக் கேட்பது மாதிரி.

வாசித்து முடித்ததும் ஆசிரியர் கேட்ட முதல் கேள்வி: 'எங்கே மூச்சு விட்டாய்?'

இரண்டாவது கேள்வி: 'மி பெமோலில் பயாத்தி. எந்தத் தந்தி திறந்து ஒலிக்கும்?'

மாணவரிடம் இரண்டுக்கும் பதில் இல்லை. ஆசிரியர் ஊத்தை வாங்கி, ஒட்டுநாடாத் துண்டுகளை நகத்தால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து, தேநீர்த் தட்டின் ஓரத்தில் ஒட்டி வைத்தார். கோபம் எதுவும் இல்லை. 'இது பியானோக்காரன் அளந்த சிகா' என்றார்.

என் தொலைபேசியில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மாணவர் வாசித்தது 2 நிமிடம் 50 விநாடி. நாடாவில் இருப்பது 4 நிமிடம் 10 விநாடி. வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். மீதி 80 விநாடி எங்கே போனது? போன இடம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பாதியை அவர் துண்டு வெட்டும்போது எறிந்திருந்தார். மீதியை நான் அதற்கு முன்பே துடைத்திருந்தேன். என் மென்பொருள் ஒவ்வொரு கஃப்லாவுக்குப் பின்னும் தந்தி அடங்குகிற வாலைச் சீற்றத்தோடு சேர்த்து அறுத்திருந்தது. அந்த வால் இல்லாதபோது அங்கே காத்திருக்க யாருக்கும் காரணம் தெரியாது.

மூலக் கோப்பை எடுத்துக் கேட்டேன். முதல் கஃப்லா முடிந்து தந்தி ஓய ஓய, யாரோ ஒருவர் மெதுவாக 'அல்லாஹ்' என்கிறார். டம்ளர் தட்டில் உட்காருகிறது. அதற்குப் பிறகும் ஒரு விநாடி கழித்துத்தான் அடுத்த மீட்டல். அவர் அந்த ஆளுக்காகக் காத்திருக்கிறார்.

வேகக் கணக்கு

ஆதார ஸ்வரம் ஏன் ரெண்டுங்கெட்டான் இடத்தில் நிற்கிறது என்ற கேள்வி பாக்கி இருந்தது. இதை நான் எடுத்துக்கொண்டேன்.

மூலக் கோப்பின் அலைவரிசைப் படத்தை விரித்தபோது, அடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடுகள் தெரிந்தன. ஒன்று சரியாக 50 ஹெர்ட்ஸ். அது என் அறை மின்சாரத்தின் உறுமல்; நான் கேசட்டை மாற்றும்போது ஒட்டிக்கொண்டது. இன்னொன்று 51.8 ஹெர்ட்ஸ். எகிப்திலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தான். ஆக அந்த இரண்டாவது கோடு அன்றைக்கு அந்தக் கூடத்தில் பதிவான உறுமல். 50-ஆக இருக்க வேண்டியது 51.8 ஆகியிருக்கிறது என்றால், நாடா 3.6 சதவீதம் வேகமாக ஓடுகிறது. சுருதிக் கணக்கில் 61 சென்ட் ஏற்றம், அரை ஸ்வரத்தின் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம்.

வேகத்தைக் குறைத்தேன். ஆதாரம் போய் 'ரெ'யில் பொருந்தியது. தக்சீமின் நீளம் 4 நிமிடம் 19 விநாடியாயிற்று.

இந்தக் கணக்கே வேண்டாம், காதே சொல்லியிருக்கும் என்பது ஆசிரியர் கட்சி. அவர் சொன்னதில் நியாயம் உண்டு. எகிப்திய முறையில் ஊத் தந்திகள் கீழிருந்து தோ, ஃபா, லா, ரெ, சோல், தோ. 'ரெ'யில் பயாத்தி வாசித்தால் ஆதாரமும் நாலாவது ஸ்வரமான 'சோல்'லும் திறந்த தந்தி. விரல் வைத்த ஸ்வரம் சீக்கிரம் அடங்கும். மெட்டுக் கட்டை இல்லாததால், விரலின் சதை ஒலியைத் தின்றுவிடும். திறந்த தந்தி அப்படியில்லை, மணி மாதிரி நின்று ஒலிக்கும். நாடாவில் எந்த ஸ்வரங்கள் நின்று ஒலிக்கின்றன என்று கேட்டால் போதும், அவர் எந்தச் சுருதியில் கட்டியிருந்தார் என்று தெரிந்துவிடும். மாணவர் அதைக் கேட்டிருக்க வழியில்லை. அந்த ஒலியின் வாலைத்தான் நான் வெட்டிவிட்டேனே.

வேகம் சரியானதும் இன்னொரு விஷயம் வெளிவந்தது. கஃப்லாக்களில் அடியில் கேட்ட கனமான தந்தியை மாணவர் 'லா' என்று எழுதியிருந்தார். உண்மையில் அது கீழ் 'ரெ'. வாசித்தவர் கடைசித் தந்தியைத் தோவிலிருந்து ரெவுக்கு ஏற்றிக் கட்டியிருக்கிறார். பயாத்திக்கு ஆதாரம் அடியில் கிடைக்கட்டும் என்றுதான். மி பெமோலில் விரல் முறுக்கி வாசித்த நான்கு இடங்கள், இப்போது விரலே வைக்காமல் வந்தன.

சிகா எங்கே இருக்கிறது

வேகம் திருத்திய கோப்பில் சிகா வருகிற முப்பது இடங்களை அளந்தோம். மாணவர் ஒரே எண் வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது ஒரு கூட்டம். கஃப்லாவில் ஆதாரத்தை நோக்கி இறங்கும்போது 135-லிருந்து 140 சென்ட். மேலே ஃபாவைப் பார்த்துப் போகும்போது 145-க்கு மேல், ஓரிரு இடங்களில் 150-ஐத் தொட்டது. விரலில் இதன் அர்த்தம், பத்து சென்டுக்கு மூன்று மில்லிமீட்டர்.

மாணவர் முதலில் இதை வாசித்தவரின் தடுமாற்றம் என்று நினைத்தார். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பழையபடி 150-ஐயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ஆசிரியர் பதிலாக ஊத்தில் ராஸ்த் மக்காமில் ஒரு கஃப்லா, பயாத்தியில் ஒரு கஃப்லா மாற்றி மாற்றி வாசித்தார். பெயரளவில் இரண்டிலும் அதே சிகாதான். பயாத்தியில் அது தாழ்ந்து உட்காருகிறது என்பது பக்கத்தில் வைத்துக் கேட்டால் யாருக்கும் தெரியும்.

ஒரு ஸ்தாயியை 24 சமபாகமாகப் பிரிப்பது தாளில் எழுத வசதியான ஏற்பாடு. 1932-இல் கெய்ரோவில் நடந்த அரபு இசை மாநாட்டில், பார்ட்டோக், ஹிண்டமித் மாதிரி ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்திருந்த அந்த மாநாட்டில், இந்த 24-ஐ ஏற்பதா வேண்டாமா என்று வாதாடி ஒரு முடிவுக்கு வராமல்தான் கலைந்தார்கள். சுத்த மத்யமம் ஒன்றுதான், அது சங்கராபரணத்தில் நிற்கிற மாதிரியா பேகடாவில் நிற்கிறது என்று கேட்டால் நமக்குச் சட்டென்று பிடிபடும்.

இந்த ஒப்பீட்டால்தான் நானும் ஒரு தப்பு செய்தேன். சிகா நகர்கிறது என்றதும், அதைக் கமகம் மாதிரி அசைத்துப் பிடித்தால் சரியாக வரும் என்று மாணவருக்கு யோசனை சொன்னேன். இரண்டு நாள் அசைத்து அசைத்துப் பழகியிருக்கிறார். ஆசிரியர் கேட்டுவிட்டுச் சிரித்தார். 'அது உங்கள் ஊர்' என்று என்னைப் பார்த்துச் சொன்னார். இங்கே சிகா அசைவதில்லை. போகிற திசைக்கு ஏற்ப வேறு இடத்தில், அசையாமல் உட்காருகிறது. அதன் பிறகு வாசிப்பைப் பற்றி நான் யோசனை சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

திட்டத்தை மாற்றியது

ஆறாவது வாரம் மூவரும் உட்கார்ந்து சில முடிவுகள் எடுத்தோம். முதலாவது, இரண்டு வாரத்துக்கு ஊத்தைத் தொடுவதில்லை. மாணவர் தக்சீமைப் பாட வேண்டும். காரணம் எளிது. கையில் ஐந்து வாரத்துப் பழக்கம் ஏறியிருந்தது. தொட்டால் விரல் மி பெமோலுக்குத்தான் ஓடும். குரலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. மேலும் குரலுக்கு மூச்சு வேண்டும், ஆகவே மௌனம் தானாக வரும். மாணவர் கூச்ச சுபாவம். வீட்டில் பாடமாட்டேன் என்றுவிட்டார். காலையிலும் மாலையிலும் சுல்தான் காபூஸ் சாலை நெரிசலில், காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாடினார்.

இரண்டாவது, சீற்றமும் இருமலும் குரல்களும் அப்படியே இருக்கிற, வேகம் மட்டும் திருத்திய கோப்பு. சுத்தம் செய்ததை அவர் கணினியிலிருந்து எடுத்துவிட்டோம். வேகத்தைக் குறைத்துக் கேட்பது சிக்கலான இடங்களுக்கு மட்டும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. விநாடிக் கணக்கில் வெட்டாமல் கஃப்லாக் கணக்கில் பிரித்தோம். ஒன்பது பகுதி வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் ஒரு வரி மட்டும் எழுதச் சொன்னார்: எங்கே தொடங்குகிறது, எந்த ஸ்வரத்தில் தங்குகிறது, எங்கே இறங்குகிறது. ஒன்பது பக்கம் ஒரு பக்கமாயிற்று. முதல் இரண்டு பகுதியும் ஆதாரத்தைச் சுற்றி. மூன்றில் சோலில் தங்கல். நான்கில் சோலை ஆதாரமாக்கி நஹாவந்த் என்கிற மக்காம். ஐந்தில் அதே இடத்தில் ஹிஜாஸ் என்கிற இன்னொன்று. பயாத்தியில் இப்படி மேல்பாதியை ஹிஜாஸாக்கினால் ஷூரி என்பார்கள். ஆறில் மேல் ஸ்தாயி. ஏழில் திடீரென்று ஸபா. ஸபா வேறொன்றுமில்லை, பயாத்தியின் நாலாவது ஸ்வரத்தை அரை ஸ்வரம் இறக்கினால் வருவது. நம் பாஷையில் மத்யமம் வர வேண்டிய இடத்தில் அந்தர காந்தாரம் வந்து நிற்கும். அந்த ஒரு மாற்றத்தில் கூடத்தின் முகமே வாடிப்போகும். நாடாவிலும் அங்கே ஒருவர் 'ஆஹ்' என்று பெருமூச்சு விடுகிறார். எட்டும் ஒன்பதும் வீடு திரும்புதல்.

முதல் இரண்டு பகுதியும் சேர்ந்து 40 விநாடி, அதில் வருவது நான்கே ஸ்வரம். மாணவரின் பழைய தாளில் அது மூன்று வரி. ஐந்து வாரத்தில் அதற்கு அவர் செலவழித்தது ஒரு சாயங்காலம், ஏனென்றால் சுலபமான இடம். ஆசிரியர் அந்த 40 விநாடிக்கே மூன்று வாரம் வைத்தார். 'பயாத்தி இதுதான். மீதி ஊர்சுற்றல்' என்றார்.

கை

ஊத் திரும்பவும் கைக்கு வந்தபோது ரீஷாதான் பிரச்சினை. மாணவர் மேல், கீழ், மேல், கீழ் என்று கடிகாரம் மாதிரி மீட்டுவார். நாடாவில் அப்படியில்லை. ஒரு வரியின் தொடக்கமும், தந்தி மாறுகிற இடமும் கீழ்நோக்கிய மீட்டல். அது மணிக்கட்டின் கனத்தோடு விழுகிறது. மேல்நோக்கியது எடை குறைவு. காதை நாடாவுக்குப் பழக்கினால் இரண்டையும் பிரித்துக் கேட்க முடிகிறது. நாலைந்து நாள் மாணவர் ஸ்வரத்தையே கவனிக்காமல், மேசையில் பென்சிலைத் தட்டி மீட்டலை மட்டும் பிடித்தார். சுத்தம் செய்த கோப்பில் இது முடிந்திருக்காது. ரீஷா தந்தியில் உரசுகிற 'சர்' சத்தத்தைச் சீற்றமென்று நினைத்து என் மென்பொருள் மழுக்கியிருந்தது.

ஒரே ஸ்வரத்தில் ரீஷாவை வேகமாக ஓட்டுகிற இடங்களை ஆசிரியர் பாதிக்குக் குறைக்கச் சொன்னார். வாசித்தவருக்கு அப்போது வயதாகிவிட்டது, தந்தி சீக்கிரம் அடங்குவதை மறைக்க அதிகமாக ஓட்டுகிறார், அதைப் படிக்காதே என்றார். தன் குருவைப் பற்றி அப்படிச் சொல்ல அவரால்தான் முடியும்.

இந்தக் கட்டத்தில் எடுத்த இன்னொரு முடிவு, வேறு மூன்று பேருடைய பயாத்தி தக்சீம்களையும் தினமும் கேட்பது. கற்க வேண்டாம், கேட்டால் போதும். அதில் ஒருவர் எகிப்திய இசையமைப்பாளர் ரியாத் அல் சுன்பாதி. ஒரே ஒரு பதிவைப் பிடித்துக்கொண்டவருக்கு எது மக்காமுடையது, எது அந்த மனிதருடையது என்று பிரிக்கத் தெரியாது. மூன்று வாரத்தில் மாணவரே வந்து சொன்னார்: இறக்கத்தில் சிகாவைத் தாழ்த்துவது எல்லோரும் செய்கிறார்கள், கஃப்லாவுக்கு முன் கீழ்த் தோவைத் தொட்டுவிட்டு ஒரு கணம் யோசிக்கிற மாதிரி நிற்பது இவர் மட்டும்.

சஹ்ரா

நான்காவது மாத முடிவில் ஆசிரியர் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிய ஒரு சஹ்ரா, அதாவது ராக்கூட்டம். மாணவர் தக்சீமை வாசித்தார். 3 நிமிடம் 55 விநாடி.

முதல் நான்கு பகுதி நன்றாக இருந்தது. இரண்டாவது கஃப்லாவில் கீழ்த் தோவைத் தொட்டு நின்றபோது, வயதான ஒரு எகிப்தியர் நாடாவில் வாசித்தவரின் பெயரைச் சொல்லிச் சிரித்தார். அவரை நேரில் கேட்டவராம். ஆறாவது பகுதியில் மேல் ஸ்தாயி சுருதி விலகியது. ஏசி அறையிலிருந்து கூடத்துக்கு ஊத்தைக் கொண்டுவந்த அரைமணியில் தந்திகள் நகர்ந்திருந்தன. நடுவில் நிறுத்திச் சரிசெய்யும் துணிச்சல் அவருக்கு வரவில்லை. ஸபாவில் அந்த இறக்கிய நாலாவது ஸ்வரம் ஏற்றமாகவே விழுந்தது, இரண்டு முறையும். யாரும் பெருமூச்சு விடவில்லை.

பெரிய பிரச்சினை தக்சீம் முடிந்த பிறகு வந்தது. ஒரு பாடகர் ஹிஜாஸில் பாடப் போவதாகச் சொல்லி, முன்னால் கொஞ்சம் தக்சீம் வாசிக்கச் சொன்னார். மாணவர் ஊத்தை அணைத்தபடி சில விநாடி உட்கார்ந்திருந்துவிட்டு, ஆசிரியரிடம் நீட்டினார். அவரிடம் ஹிஜாஸில் ஒரு வரிகூட இல்லை. நான்கு மாதத்தில் அவர் ஒரு உருப்படியைக் கற்றிருந்தார். தக்சீம் வாசிக்கக் கற்றிருக்கவில்லை.

அதற்குப் பிறகு

கார் நிறுத்துமிடத்தில் அவர் மனம் உடைந்துதான் நின்றார். ஆசிரியர் இதை எதிர்பார்த்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. முன்பே சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஐந்தாவது மாதத்திலிருந்து பாடம் வேறு மாதிரி போனது. நாடாவின் ஒன்பது கஃப்லாவில் நான்கை மட்டும் தனியே எடுத்தார்கள். ஒவ்வொன்றையும் ஆதாரம் மாற்றி, மக்காம் மாற்றி ஹிஜாஸில், நஹாவந்தில், ராஸ்தில் இறக்கிப் பார்ப்பது. சில பொருந்தின. சில பொருந்தவே இல்லை. தோவைத் தொட்டு நிற்பது ராஸ்தில் அர்த்தமிழந்துவிடும், அங்கே தோவே ஆதாரம். ஆசிரியர் ஒரு கஃப்லா வாசிப்பார், அதற்கு முன்னால் வரக்கூடியதை மாணவர் கண்டுபிடிக்க வேண்டும். முடிவிலிருந்து பின்னோக்கி நடக்கிற இந்தப் பயிற்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஏழாவது மாதம் மாணவர் சொந்தமாக ஒரு பயாத்தி தக்சீம் வாசித்து எனக்கு அனுப்பினார். இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. நாடாவின் இரண்டு கஃப்லா அப்படியே இருக்கிறது, மூன்றாவது ஒன்று உருமாறி இருக்கிறது. ஸபா பக்கம் அவர் போகவில்லை. ஹிஜாஸில் இப்போது ஒரு நிமிடம் தாக்குப்பிடிக்கிறார்.

இன்னொரு முறை செய்தால்

என் பக்கம்: கேசட் வந்தால் முதலில் உறுமல் கோட்டைப் பார்ப்பேன், அப்புறம்தான் மற்றது. சுத்தம் செய்த கோப்பைக் கற்பவர் கையில் கொடுக்கமாட்டேன். கேட்டு ரசிக்க வேண்டுமானால் கொடுக்கலாம்.

மாணவர் சொல்வது: எழுதியது தவறில்லை, எழுதிய நேரம்தான் தவறு. பாடி முடித்த பிறகு எழுதியிருந்தால் அந்த ஒன்பது பக்கமும் உதவியிருக்கும். இப்போதும் மேல் ஸ்தாயிப் பகுதிக்கு அந்தத் தாளைத்தான் பார்க்கிறார், ஆதாரத்தை மனதுக்குள் மாற்றிக்கொண்டு.

கஃப்லாவை இடம் மாற்றுகிற பயிற்சியை சஹ்ராவுக்கு முன்பே, முதல் 40 விநாடியோடேயே தொடங்கியிருக்கலாம் என்பதில் மாணவரும் நானும் ஒரே கருத்து. ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ஆளையாவது முழுசாக உள்ளே வாங்காதவனிடம் மாற்றிப் போட என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஐந்து வாரம் தனியே விட்டதைப் பற்றிக் கேட்டால், 'அப்போது சொல்லியிருந்தால் கேட்டிருப்பானா?' என்பதோடு சரி.

ஒரு இடம் இன்னும் தீரவில்லை. ஏழாவது பகுதியில், ஸபாவிலிருந்து பயாத்திக்குத் திரும்புகிற நேரத்தில், நாடா கசங்கி நான்கு விநாடி மங்கிப்போகிறது. எனக்கு அங்கே ஒரே இழுப்பில் சோலுக்கு ஏறுவதாகக் கேட்கிறது. மாணவருக்குக் கீழ்த் தோவைச் சுற்றி வருவதாக. ஆசிரியர் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் வேறு வேறு மாதிரி வாசித்துக் காட்டுகிறார். மாணவர் வாசிக்கும்போது அந்த இடம் வந்தால் ரீஷாவை எடுத்துவிட்டு, நான்கு விநாடி விட்டு, எட்டாவது பகுதியில் தொடங்குகிறார்.